வாசிக்கத் தெரிகிறது, விளங்குகிறதா? தமிழ் வகுப்பில் கூடி வாசித்தல்

புலம்பெயர்ந்த நாடுகளில் தமிழ்ப் பள்ளிக்குப் போகும் எமது பிள்ளைகளில் பலர் தமிழை நன்றாகவே உரத்து வாசிக்கிறார்கள். ஒரு பந்தியைக் கொடுத்தால் தடக்குப்படாமல் வாசித்து முடிப்பார்கள். பெற்றோருக்கு மனம் நிறைந்துவிடும். ஆனால் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, "இதில் என்ன சொல்லியிருக்கிறது?" என்று கேட்டால் பெரும்பாலும் மௌனம்தான் பதில். அல்லது பந்தியின் முதல் வரி அப்படியே திரும்பி வரும். "ஏன் அப்படி நடந்தது?" என்று கேட்டால் மேசையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

இதைப் பிள்ளையின் கெட்டித்தனக் குறைவு என்று எடுத்துக்கொள்ள முடியாது. அதே பிள்ளை திங்கட்கிழமை தன் பள்ளிக்கூடத்தில் நோர்வேஜிய மொழியிலோ ஜேர்மன் மொழியிலோ ஆங்கிலத்திலோ ஒரு கதையை வாசிக்கிறது. கதையில் வருபவன் செய்தது சரியா பிழையா என்று வகுப்புத் தோழர்களோடு வாதாடுகிறது. சனிக்கிழமை தமிழ் வகுப்பில் மட்டும் வாய் திறப்பதில்லை. ஒரு மொழி சிந்திப்பதற்கும் இன்னொரு மொழி ஒப்புவிப்பதற்கும் என்று பிள்ளையின் மனதில் ஒரு பிரிவினை மெல்ல மெல்ல ஏற்பட்டுவிடுகிறது. பதினைந்து, பதினாறு வயதில் பாட்டும் பேச்சுப் போட்டியும் முடிந்த பின்னர், ஒப்புவிக்கும் மொழிக்கு அந்தப் பிள்ளையின் வாழ்க்கையில் இடம் இருப்பதில்லை.

இந்த இடைவெளி ஏன் வருகிறது, பிள்ளைகள் குழுவாகச் செய்யும் சில எளிய வாசிப்புச் செயற்பாடுகளால் அதை எப்படிக் குறைக்கலாம் என்பதைப் பார்ப்போம். இவற்றுக்குப் பெரிய செலவு எதுவும் இல்லை. ஒரு பந்தி, நான்கு பிள்ளைகள், அரை மணித்தியாலம் போதும்.

எழுத்துக்கூட்டுவது வேறு, கிரகித்தல் வேறு

வாசிப்பு ஆய்வாளர்களான பிலிப் கோவ், வில்லியம் டன்மர் இருவரும் 1986 இல் ஓர் எளிய விளக்கத்தை முன்வைத்தார்கள். கிரகித்தல் என்பது இரண்டு திறன்களின் பெருக்கம். ஒன்று, எழுத்தை ஒலியாக மாற்றும் திறன். மற்றது, அந்த மொழியைக் காதால் கேட்டு விளங்கும் திறன். கூட்டல் இல்லாமல் பெருக்கல் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. பெருக்கலில் ஒன்று பூச்சியமானால் விடையும் பூச்சியம். எழுத்துக்கூட்டும் திறன் எவ்வளவு உயர்ந்திருந்தாலும், கேட்டு விளங்கும் மொழியறிவு குறைவாக இருந்தால் கிரகித்தலும் குறைவாகவே இருக்கும்.

தமிழ் எழுத்து இந்த விடயத்தில் எம்மை ஏமாற்றக்கூடியது. 247 எழுத்துகள் என்று கேட்கும்போது பயமாக இருந்தாலும், 12 உயிரையும் 18 மெய்யையும் அவை சேரும் முறையையும் பிடித்துக்கொண்டால் மீதி தானாக வந்துவிடும். எழுதியபடியே வாசிக்கலாம். ஆங்கிலத்தைப் போல ஒரே எழுத்துக்கோவை ஒவ்வொரு சொல்லிலும் ஒவ்வொரு விதமாக ஒலிப்பதில்லை. ஆகவே பொருள் தெரியாத சொல்லையும் பிள்ளை அழகாக உச்சரித்துவிடும். கேட்கும் எமக்குப் பிள்ளை விளங்கி வாசிப்பதாகத் தோன்றும்.

அடுத்த சிக்கல் பேச்சுத் தமிழுக்கும் எழுத்துத் தமிழுக்கும் உள்ள தூரம். யாழ்ப்பாணப் பேச்சு வழக்குள்ள வீட்டில் வளரும் பிள்ளைக்கு "அவை வந்தவை" என்றால் அந்த ஆட்கள் வந்தார்கள் என்று பொருள். பாடப் புத்தகத்தில் "அவை கூட்டமாக வந்தன" என்று யானைகளைப் பற்றி எழுதியிருந்தால், பிள்ளை மனிதர்கள் வந்ததாக நினைக்கும். "ஆசிரியர் மாணவனோடு பேசினார்" என்ற வரியை வாசித்துவிட்டு, அவனுக்கு ஏன் ஏச்சு விழுந்தது என்று கேட்கும். எங்கள் வீடுகளில் ஆட்கள் ஒருவரோடு ஒருவர் கதைப்பார்கள். "அம்மா பேசுவா" என்றால் திட்டுவா என்றுதான் அர்த்தம். இந்தப் பிள்ளை பிழையாக விளங்கவில்லை. தன் வீட்டுத் தமிழை வைத்துச் சரியாகவே விளங்கியிருக்கிறது. ஆனால் வாய்விட்டுக் கதைக்க இடம் கொடுத்தால்தான் இது வெளியே தெரியவரும்.

மூன்றாவது, பின்புல அறிவு. 1988 இல் டொனா றெக்ற், லோறன் லெஸ்லி என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 64 மாணவர்களுக்கு ஒரு பேஸ்போல் விளையாட்டைப் பற்றிய பந்தியைக் கொடுத்துச் சோதித்தார்கள். வாசிப்பில் பின்தங்கியவர்களாகக் கருதப்பட்டாலும் பேஸ்போல் தெரிந்த பிள்ளைகள், நன்றாக வாசிக்கத் தெரிந்தும் பேஸ்போல் தெரியாத பிள்ளைகளைவிட அந்தப் பந்தியை நன்றாகக் கிரகித்தார்கள். எமது பாடநூல்களில் வரும் கிடுகு வேலி, சூடடிப்பு, ஒடியற்கூழ், வயல் வரம்பு எல்லாம் ரொறன்ரோவிலோ சூரிச்சிலோ பிறந்த பிள்ளைக்குத் தெரியாத ஒரு பேஸ்போல் ஆட்டம்தான்.

வகுப்பில் யார் கதைக்கிறார்கள்?

எமது வகுப்புகளில் வழக்கமாக நடப்பது இதுதான். ஆசிரியர் பாடத்தை வாசிப்பார். பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராக வாசிப்பார்கள். கடைசியில் ஆசிரியர் கேள்வி கேட்பார். விரைவாகக் கையுயர்த்தும் இரண்டு மூன்று பேர் விடை சொல்வார்கள். விடை பலகையில் எழுதப்படும், மற்றவர்கள் கொப்பியில் பார்த்து எழுதுவார்கள்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பதினைந்து பிள்ளைகள் உள்ள வகுப்பில் கேள்வி பதிலுக்கு அரை மணித்தியாலம் இருக்கிறது. எல்லோருக்கும் சமமாகப் பகிர்ந்தால், ஆசிரியரின் நேரத்தையும் சேர்த்தே, ஒரு பிள்ளைக்குக் கிடைப்பது 2 நிமிடம். அதே அரை மணித்தியாலத்தில் பிள்ளைகள் மூவராக, நால்வராகப் பிரிந்து கதைத்தால் ஒவ்வொருவருக்கும் 7 நிமிடத்துக்கு மேல் கிடைக்கிறது. வாரத்தில் ஒரு நாள் மட்டும் தமிழ் படிக்கும் பிள்ளைக்கு இந்த வேறுபாடு பெரிது.

இன்னொன்று, நாம் கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருப்பதில்லை. அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் றோ, ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு விநாடி அளவே காத்திருப்பதைக் கண்டார். அதை மூன்று விநாடிக்கு மேல் நீட்டியபோது விடைகள் நீண்டன, வழமையாகப் பேசாத பிள்ளைகளும் பேசத் தொடங்கினார்கள். இரண்டாம் மொழியில் சொல் தேடும் பிள்ளைக்கு மூன்று விநாடியும் காணாது.

முதல் செயற்பாடு: நினை, இருவராகக் கதை, எல்லோருக்கும் சொல்

குழு வேலைக்குப் பழக்கமில்லாத வகுப்பில் இங்கிருந்து தொடங்கலாம். மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிராங் லைமன் 1981 இல் அறிமுகப்படுத்திய முறை இது. ஆசிரியர் ஒரு கேள்வியைக் கேட்கிறார். முதல் ஒரு நிமிடம் எவரும் வாய் திறக்கக்கூடாது, தனியே யோசிக்க வேண்டும். அடுத்த இரண்டு நிமிடம் பக்கத்தில் இருப்பவரோடு கதைக்க வேண்டும். அதன் பின்னரே வகுப்புக்குச் சொல்லலாம்.

இதில் ஒரு சிறு மாற்றம் செய்தால் பலன் கூடும். பிள்ளை தன் விடையைச் சொல்லாமல், தன் தோழர் சொன்ன விடையை வகுப்புக்குச் சொல்ல வேண்டும். "இவர் இப்படி நினைக்கிறார், ஏனென்றால்..." என்று தொடங்க வேண்டும். மற்றவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கும் பழக்கம் வரும். கூச்சமுள்ள பிள்ளையின் கருத்தும் சபைக்கு வந்துவிடும்.

இரண்டாம் செயற்பாடு: நான்கு பொறுப்புகள்

1984 இல் ஆன்மேரி பலின்சார், ஆன் பிரவுன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு முறையை வெளியிட்டார்கள். மாணவர்களே மாறி மாறி ஆசிரியராக இருந்து பந்தியைக் கற்பிக்கும் முறை. அவர்கள் தெரிவுசெய்த மாணவர்கள் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள். எழுத்தைத் தடையின்றி வாசிப்பார்கள், பொருள் மட்டும் பிடிபடாது. எமது பிள்ளைகளின் நிலையும் ஏறத்தாழ அதுவே.

நால்வர் கொண்ட குழுவில் ஒவ்வொருவருக்கும் ஒரு பொறுப்பு. ஊகிப்பவர் அடுத்து என்ன வரும் என்று சொல்வார். வினவுபவர் பந்தியைப் பற்றிக் கேள்வி கேட்பார். தெளிவாக்குபவர் விளங்காத சொல்லையும் வரியையும் பிடித்து, குழுவின் உதவியோடு அவிழ்ப்பார். சுருக்குபவர் ஒன்றிரண்டு வசனத்தில் சாரத்தைச் சொல்வார். அடுத்த பந்திக்குப் பொறுப்புகள் கைமாறும். நான்கு மட்டைகளில் எழுதிக் கொடுத்தால் சுலபம்.

எடுத்துக்காட்டுக்கு இந்தப் பந்தியைப் பார்ப்போம்:

"யாழ்ப்பாணத்தில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. மாரி மழை சுண்ணாம்புக் கல்லினூடாக இறங்கி நிலத்தடியில் தேங்கும். அந்த நீரைத்தான் மக்கள் கிணறு வெட்டி எடுத்தார்கள். ஒருவர் துலாவில் ஏறி முன்னும் பின்னும் நடக்க, இன்னொருவர் கீழே நின்று தோட்டத்துக்கு நீர் இறைத்தார். பின்னர் இயந்திரம் வந்தது. முன்னரைவிட விரைவாக, நிறைய நீரை இறைக்க முடிந்தது. கடலுக்குக் கிட்ட இருந்த சில கிணறுகளில் நீர் உவர்த்துப்போனது."

தெளிவாக்குபவர் முதலில் மாரி, துலா, உவர் என்ற மூன்று சொற்களில் நிற்பார். "உவர்த்துப்போனது" என்றால் உப்புத் தண்ணீராகிவிட்டது என்று ஒரு பிள்ளைக்காவது ஊகிக்க வரும், ஏனென்றால் அடுத்த சொல் இல்லாவிட்டாலும் "கடலுக்குக் கிட்ட" என்ற குறிப்பு இருக்கிறது. துலாவுக்கு ஆசிரியர் பலகையில் ஒரு படம் கீறிக் காட்டலாம்.

வினவுபவருக்கு மூன்று வகைக் கேள்விகளைப் பழக்க வேண்டும். வரியில் விடை உள்ள கேள்வி: மக்கள் நீரை எங்கிருந்து எடுத்தார்கள்? வரிகளுக்கு இடையில் விடை உள்ள கேள்வி: கிணறு ஏன் உவர்த்துப்போனது? பந்தி அதை நேரடியாகச் சொல்லவில்லை. வேகமாக நன்னீரை இறைத்ததால் அந்த இடத்துக்குக் கடல்நீர் வந்தது என்று இரண்டு மூன்று வரிகளைச் சேர்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். வரிக்கு அப்பால் உள்ள கேள்வி: அப்படியென்றால் இயந்திரம் வந்தது நல்லதா கெட்டதா? துலா மிதித்து முறிந்த முதுகையும் நினைக்க வேண்டும், பேரப்பிள்ளைக்குக் கிடைக்கப்போகும் தண்ணீரையும் நினைக்க வேண்டும். பத்து வயதுப் பிள்ளையும் இதில் ஒரு பக்கம் எடுத்து வாதாடும்.

எந்த விடை சொன்னாலும் "எந்த வரியை வைத்துச் சொல்கிறீர்?" என்று குழு கேட்க வேண்டும். கிரகித்தலும் ஆராய்ந்து சிந்தித்தலும் சந்திக்கும் இடம் இந்தக் கேள்விதான். ஒரு வருடத்தில் வேறு எதையும் மாற்றாமல் இந்த ஒரு கேள்வியை மட்டும் வகுப்பில் வழக்கமாக்கினாலே மாற்றம் தெரியும்.

மூன்றாம் செயற்பாடு: துண்டுகளைப் பொருத்துதல்

1971 இல் அமெரிக்காவின் ரெக்சாஸ் மாநிலத்தில் ஒஸ்ரின் நகரப் பள்ளிக்கூடங்களில் இனப் பிரிப்பு நீக்கப்பட்டது. அதுவரை தனித்தனியே படித்த வெள்ளை, கறுப்பு, இஸ்பானியப் பிள்ளைகள் ஒரே வகுப்பில் அமர்ந்தார்கள். அவர்களிடையே அச்சமும் சண்டையும் மலிந்திருந்தன. உளவியலாளர் எலியட் அறன்சனும் அவரது மாணவர்களும் பாடத்தைத் துண்டுகளாக்கி, ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒரு துண்டை மட்டும் கொடுத்தார்கள். முழுப் பாடமும் வேண்டுமென்றால் மற்றப் பிள்ளை சொல்வதைக் கேட்டே ஆகவேண்டும். யாரையும் ஒதுக்கிவைக்க முடியாது.

எமது வகுப்புகளிலும் ஒரு பிரிப்பு இருக்கிறது. அண்மையில் ஊரிலிருந்து வந்த பிள்ளை தமிழில் கெட்டி, ஆனால் இந்நாட்டு மொழியில் தடுமாறும். இங்கே பிறந்த பிள்ளைக்கு அது தலைகீழ். வீட்டில் தமிழே கேட்காத பிள்ளையும் பக்கத்தில் இருக்கும். துண்டுகளைப் பொருத்தும் முறையில் இவர்கள் ஒருவருக்கொருவர் தேவைப்படுகிறார்கள்.

பதின்ம வயதினருக்கு யாழ்ப்பாணப் பொது நூலகத்தை எடுத்துக்கொள்வோம். பதினாறு பிள்ளைகளை நான்கு தாய்க் குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவிலும் உள்ள நால்வருக்கும் நான்கு வேறு துண்டுகளைக் கொடுக்கலாம். முதல் துண்டு தொடக்கம்: 1933 இல் செல்லப்பா என்பவர் தன் வீட்டில் நூல்களைச் சேர்த்து இரவல் கொடுக்கத் தொடங்கியதும், அது பொது நூலகமாக வளர்ந்து 1959 இல் புதிய கட்டடம் திறக்கப்பட்டதும். இரண்டாம் துண்டு எரிப்பு: 1981 மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தலுக்குச் சில நாட்களுக்கு முன்னர், மே 31 இரவு தொடங்கி நடந்தவை. மூன்றாம் துண்டு இழப்பு: ஏறத்தாழ 97,000 என்று சொல்லப்படும் நூல்களும் ஓலைச்சுவடிகளும். நான்காம் துண்டு மீள்கட்டல்: புதுப்பித்த கட்டடத்தை 2003 இல் திறக்க எடுத்த முயற்சியும் அதற்கு எழுந்த எதிர்ப்பும்.

ஒரே துண்டு வைத்திருப்பவர்கள் முதலில் ஒன்றாகக் கூடித் தங்கள் பகுதியை விளங்கிக்கொள்வார்கள். பின்னர் தாய்க் குழுவுக்குத் திரும்பி மற்ற மூவருக்கும் கற்பிப்பார்கள். கடைசியில் எல்லாக் குழுக்களுக்கும் ஒரு பொதுக் கேள்வி: எரிந்த கட்டடத்தைப் புதுப்பித்தது சரியா, எரிந்த சுவர்களை நினைவுச்சின்னமாக அப்படியே விட்டிருக்க வேண்டுமா? இந்த விவாதம் எம்மிடையே உண்மையாகவே நடந்தது. நான்கு துண்டுகளையும் பயன்படுத்தாமல் நல்ல விடை சொல்ல முடியாது.

மூன்றாம் துண்டில் ஒரு கடினமான பயிற்சியும் இருக்கிறது. யாழ்ப்பாண வைபவமாலையின் ஒரேயொரு பிரதியும் நூலகத்தோடு எரிந்துபோனது என்று பல இடங்களில் எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் அந்த நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பை பிரிற்றோ 1879 இலேயே வெளியிட்டுவிட்டார். தமிழிலும் அச்சுப் பதிப்புகள் உண்டு. அப்படியென்றால் "ஒரேயொரு பிரதி" என்பதற்கு என்ன பொருள்? பழைய கையெழுத்துப் பிரதியா, நூலேயா? யார் முதலில் அப்படி எழுதினார்கள், மற்றவர்கள் ஏன் சரிபார்க்காமல் எடுத்தெழுதினார்கள்?

எமக்கு வலிக்கும் ஒரு விடயத்தில் இப்படிக் கேட்கலாமா என்று சிலர் தயங்கலாம். கேட்கத்தான் வேண்டும். மிகைப்படுத்திய ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு முழுக் கொடுமையையும் மறுக்க விரும்புபவர்கள் உலகில் இருக்கிறார்கள். எமது பிள்ளைகள் நாளை பல்கலைக்கழகத்தில் அவர்களைச் சந்திப்பார்கள். எது உறுதியான ஆதாரம், எது செவிவழி வந்தது என்று பிரித்தறியத் தெரிந்த பிள்ளையால்தான் அப்போது நிமிர்ந்து நின்று பதில் சொல்ல முடியும்.

நான்காம் செயற்பாடு: வட்ஸ்அப் செய்தியைச் சோதித்தல்

குடும்ப வட்ஸ்அப் குழுக்களில் வரும் செய்திகளே நல்ல பாடநூல். திருநள்ளாறுக் கோவிலுக்கு மேலே வரும்போது செய்மதிகள் சில விநாடிகள் நின்றுவிடுவதாகவும், அதைக் கண்டு நாசா வியந்ததாகவும் ஒரு கதை பல வருடங்களாகச் சுற்றி வருகிறது. இதை அச்சிட்டு ஒவ்வொரு குழுவுக்கும் கொடுத்து மூன்று கேள்விகளைக் கேட்கச் சொல்லலாம். இதைச் சொல்பவர் யார்? ஆதாரம் என்ன? வேறு இடங்களில் இதைப் பற்றி என்ன இருக்கிறது?

மூன்றாவது கேள்விதான் முக்கியம். அமெரிக்காவின் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாம் வைன்பேர்க், சாரா மக்குரூ இருவரும் 10 வரலாற்றாய்வாளர்கள், 25 பல்கலைக்கழக மாணவர்கள், 10 தொழில்முறைச் செய்தி சரிபார்ப்பவர்கள் ஆகியோர் இணையப் பக்கங்களை எப்படி மதிப்பிடுகிறார்கள் என்று ஒப்பிட்டார்கள். படித்த வரலாற்றாய்வாளர்கள் பலரே ஒரு பக்கத்துக்குள் நின்று அதன் தோற்றத்தையும் சின்னத்தையும் பார்த்து ஏமாந்தார்கள். சரிபார்ப்பவர்கள் அந்தப் பக்கத்தை விட்டு உடனே வெளியேறி, மற்றவர்கள் அதைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று தேடினார்கள்.

செய்மதிக் கதையில் பிள்ளைகளின் பள்ளிக்கூட விஞ்ஞானமும் கைகொடுக்கும். சர்வதேச விண்வெளி நிலையம் மணிக்கு ஏறத்தாழ 28,000 கிலோமீற்றர் வேகத்தில் போகிறது. அந்த வேகமே அதை விழாமல் சுற்றவைக்கிறது. நின்றால் என்ன ஆகும் என்று ஒரு பிள்ளை கேட்கும், இன்னொன்று விழும் என்று சொல்லும். தாங்கள் வேற்று மொழியில் கற்றதைத் தமிழில் கொண்டுவந்து கதைப்பார்கள். வீட்டுக்குப் போய் அம்மப்பாவிடம் இதைச் சொல்லும்போது பக்குவமாகச் சொல்ல வேண்டும் என்பதையும் சேர்த்துப் பழக்குவது நல்லது. "இது பொய்" என்று தொடங்காமல், "அம்மப்பா, இதை உங்களுக்கு யார் அனுப்பினது?" என்று தொடங்கலாம்.

எந்த மொழியில் கதைப்பது?

குழுவாகப் பிரித்துவிட்டால் பிள்ளைகள் இந்நாட்டு மொழிக்குத் தாவிவிடுவார்கள் என்பது ஆசிரியர்களின் நியாயமான கவலை. முழுத் தடை போட்டால் கதை நின்றுவிடும். முழுச் சுதந்திரம் கொடுத்தால் தமிழ் நின்றுவிடும்.

ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் ஜிம் கமின்ஸ், இரு மொழிப் பிள்ளைகளின் சிந்தனைத் திறன் இரண்டு மொழிகளுக்கும் பொதுவான அடித்தளத்தில் இருக்கிறது என்று 1970களின் இறுதியிலிருந்து எழுதிவந்தார். ஒரு மொழியில் காரணம் காட்டப் பழகிய பிள்ளை அதை மற்ற மொழிக்கும் கொண்டுபோகும். இதை வைத்து ஒரு நடுவழி சொல்லலாம். வாசிப்பது தமிழில். குழுவுக்குள் யோசிக்கும்போது எந்த மொழியும் கலக்கலாம். வகுப்புக்குச் சொல்வது தமிழில். அதற்குக் கைத்தடியாகச் சில தொடக்கங்களைச் சுவரில் ஒட்டிவைக்கலாம்: "நான் இதை ஏற்கவில்லை, ஏனென்றால்...", "இந்த வரியில் சொல்லியிருப்பதுபோல...", "இதற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம்...". மறுத்துக் கதைப்பதற்கான தமிழ் வசனங்கள் பிள்ளைகளின் காதில் விழுவதே குறைவு. வீட்டில் அவர்கள் கேட்பது பெரும்பாலும் "சாப்பிடு", "படி", "வெளிக்கிடு" போன்ற ஏவல்கள்தான்.

நடைமுறைச் சிக்கல்கள்

ஒரு பிள்ளையே எல்லாவற்றையும் சொல்லிவிடும் குழுக்கள் இருக்கும். ஒவ்வொருவருக்கும் மூன்று புளியங்கொட்டையோ பொத்தானோ கொடுத்து, ஒரு முறை கதைத்தால் ஒன்றை நடுவில் வைக்கச் சொல்லலாம். முடிந்துவிட்டால் மற்றவர்களும் முடிக்கும்வரை பொறுத்திருக்க வேண்டும்.

வயதும் தரமும் கலந்த வகுப்பில் எல்லோருக்கும் ஒரே பந்தி பொருந்தாது. துண்டுகளில் ஒன்றை எளிய வசனங்களிலும் பெரிய எழுத்திலும் எழுதிக் கொடுக்கலாம். ஆனால் அதில் உள்ள தகவல் மற்றவர்களுக்குக் கட்டாயம் தேவைப்படுவதாக இருக்க வேண்டும். அப்போதுதான் தமிழ் குறைந்த பிள்ளைக்கும் குழுவில் மதிப்பு இருக்கும்.

பாடத்திட்டம் முடியாது, பரீட்சை வருகிறது என்பது அடுத்த கவலை. எல்லாப் பாடத்தையும் இப்படிச் செய்யத் தேவையில்லை. மாதத்தில் இரண்டு வாரம், அரை மணித்தியாலம் செய்தால் போதும். பரீட்சைத் தாளிலும் "ஏன்? உமது விடைக்கு ஆதாரமான வரி எது?" என்று ஒரு கேள்வியைச் சேர்த்தால், பெற்றோரும் பிள்ளைகளும் இதைப் பாடமாகவே மதிப்பார்கள்.

போரையும் இடப்பெயர்வையும் பற்றிய பந்திகளில் மட்டும் கூடுதல் கவனம் தேவை. அந்த வகுப்பில் தகப்பனை இழந்த பிள்ளை இருக்கலாம். வீட்டில் இதைப் பற்றி ஒரு சொல்லும் கேட்டறியாத பிள்ளையும் இருக்கலாம். கேள்வி பந்தியிடம் கேட்கப்பட வேண்டும், பிள்ளையிடம் கேட்கப்படக்கூடாது. தானாக விரும்பிச் சொன்னாலன்றி, எந்தப் பிள்ளையிடமும் அதன் குடும்பக் கதையைச் சொல்லச் சொல்லக்கூடாது.

கேள்வி கேட்கும் பிள்ளையைக் கண்டு பயப்படலாமா?

எமது தலைமுறையில் பலர் கேள்வி கேட்காமல் இருக்கப் பழக்கப்பட்டவர்கள். வீட்டில் பெரியவர்களை எதிர்த்துக் கதைக்கக்கூடாது. வெளியே, பிழையான ஆளிடம் பிழையான கேள்வியைக் கேட்பது உயிருக்கே ஆபத்தாக இருந்த காலங்களும் உண்டு. வாயை மூடிக்கொள்வது எங்களைக் காப்பாற்றியது. அதே மௌனத்தைப் பிள்ளைகளுக்கும் பழக்கமாகக் கடத்துகிறோம் என்பதை நாம் கவனிப்பதில்லை.

எம் மரபிலும் வாதத்துக்கு இடமில்லாமல் இல்லை. பட்டிமன்றத்தை ரசிக்கிறோம். யார் சொன்னாலும் அதன் உண்மையை ஆராய்வதே அறிவு என்று அறிவுடைமை அதிகாரத்தில் வள்ளுவர் சொல்கிறார். குறள் போட்டிகளில் பிள்ளைகள் அதை மனப்பாடமாக ஒப்புவித்துப் பரிசு வாங்குகிறார்கள். அந்தக் குறள் சொல்வதை ஒரு முறையாவது செய்துபார்க்க அவர்களுக்கு வகுப்பில் இடம் கொடுத்தோமா?

வீட்டில் செய்யக்கூடியது

பெற்றோர் ஆசிரியராக மாற வேண்டியதில்லை. வாரத்தில் ஒரு நாள், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு பக்கத்தை எல்லோரும் சேர்ந்து வாசிக்கலாம். மூத்த பிள்ளை வினவட்டும், இளைய பிள்ளை அடுத்து என்ன வரும் என்று ஊகிக்கட்டும், தகப்பன் சுருக்கிச் சொல்லட்டும். தெளிவாக்கும் பொறுப்பை அம்மம்மாவுக்கோ அப்பம்மாவுக்கோ கொடுக்கலாம். அவர் ஊரில் இருந்தால் தொலைபேசியில் அழைத்துக் கேட்கலாம். "துலா எண்டா என்ன அம்மம்மா?" என்று ஒரு பேரப்பிள்ளை கேட்டால், பாடநூலில் இல்லாத பத்து விடயங்கள் வரும். பிள்ளைக்குப் பின்புல அறிவு கிடைக்கும். முதியவருக்குத் தன் வாழ்க்கை இன்னும் ஒருவருக்குத் தேவைப்படுகிறது என்ற நிறைவு கிடைக்கும்.

பிள்ளை விடை சொன்னதும் "சரி", "பிழை" என்று உடனே தீர்ப்புச் சொல்லாமல், "எதை வைத்துச் சொல்கிறாய்?" என்று மட்டும் கேளுங்கள். அதே கேள்வியைப் பிள்ளை உங்களிடம் திருப்பிக் கேட்கும் நாள் வரும். அன்று கோபப்படாமல், உங்களிடம் உள்ள ஆதாரத்தைத் தமிழிலேயே எடுத்துச் சொல்லுங்கள்.